புதுவரவுப் பலகை

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் ஜன்னல் பக்கம் உட்கார முடியுமா? எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வெயில் அந்தப் பக்கம் அடிக்கிறது, பொய் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதனால் உள்ளதையே சொல்கிறேன். அதோ டீக்கடையில் ஒருவர் நிற்கிறாரே, வெள்ளைச் சட்டை, விரலில் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு, அவர் என்னைப் பார்க்கக் கூடாது.

இந்தப் பக்கம் திரும்பினாரா? இல்லையா? சரி. பஸ் நகரும்வரை செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்கிறேன். கிளம்பியதும் சொல்லுங்கள்.

நன்றி அக்கா. ஐயோ, பையை ஏன் அந்தப் பக்கம் நகர்த்துகிறீர்கள்? நான் பை திருடுகிறவள் இல்லை. இந்த ஊர் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கிளை நூலகம் இருக்கிறதே, வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்குமே. பார்த்திருக்கிறீர்களா? அப்பாடா. அந்தப் பலகையில் எழுதுகிறவள் நான்தான். பூங்கோதை.

கோயமுத்தூர் போய்ச் சேரும்வரை உங்களிடம் கொஞ்சம் பேசலாமா? யாரிடமும் இப்படிப் பேசுகிறவள் இல்லை நான். கல்லூரியில் மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கே என் குரல் சரியாகத் தெரியாது. பேசினாலும் கட்டுரை வாசிக்கிற மாதிரி இருக்கும் என்று கேலி செய்வார்கள். இன்றைக்குப் பேசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மாயவரம் பக்கம். தற்காலிக வேலைதான். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நூலகர் என்றால் வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும், இல்லையா? இது நல்ல புத்தகம், போன தடவை அதைப் படித்தீர்கள் அல்லவா, இதையும் படித்துப் பாருங்கள் என்று. எனக்கு அது வராது. ஒருவர் அலமாரி முன்னால் நின்று தவறான புத்தகத்தை எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். 'ஐயா, அது வேண்டாம், பக்கத்தில் இருப்பதை எடுங்கள்' என்று மனசுக்குள் சொல்லுவேன். அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அதனால்தான் பலகை. மாவட்ட நூலகத்திலிருந்து புத்தகக் கட்டு வரும். அதில் ஒன்றைப் படித்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் அதைப் பற்றிச் சுண்ணக்கட்டியால் எழுதி வைப்பேன். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கதையைச் சொல்ல மாட்டேன். முடிவைச் சொல்லவே மாட்டேன். கேள்வியாகக் கேட்டு நிறுத்திவிடுவேன். 'சர்க்கரை நோய்க்காரர் மாம்பழம் சாப்பிடலாமா? விடை நாற்பதாம் பக்கத்தில்.' அதைப் பார்த்துவிட்டு டீ மாஸ்டர் வந்தார். நாற்பதாம் பக்கத்தை மட்டும் நின்றுகொண்டே படித்தார். 'சாப்பிடப்படாதாமா' என்று எனக்குத் துக்கச் செய்தி மாதிரிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் என் பலகைக்கு இருந்த மரியாதை.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு நாவல் வந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன் அக்கா, எழுதியவருக்கு வம்பு. அவர் எங்கேயோ தெற்கே இருக்கிறவர், இந்த ஊர்ப் பக்கமே வந்திருக்க மாட்டார். ஒரு கிராமம், அதில் ஒரு கிணறு, ஒரு பெண். நன்றாக இருந்தது. போன திங்கட்கிழமை எழுதினேன். எனக்கு மனப்பாடம், கேளுங்கள்.

'ஊரே தண்ணீர் குடித்த கிணற்றை ஏன் மூடினார்கள்? அந்த மாதம் காணாமல் போன பெண் எங்கே? ஊரில் ஒருவர்கூட ஏன் கேட்கவில்லை? புதுவரவு. உள்ளே வாருங்கள்.'

எப்படி இருக்கிறது? மூன்றாவது கேள்வி புத்தகத்தில் இல்லை, நானாகச் சேர்த்தது. எழுதி முடித்துக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே திருப்தியாக இருந்தது.

வாய்க்கால் மேட்டில் பஸ் நிற்கிறது. ஒரு நிமிடம் இருங்கள் அக்கா. யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறேன். ம். சரி. ஒன்றுமில்லை.

எங்கே விட்டேன்? திங்கட்கிழமை. தேங்காய் நார் மில்லுக்குப் போகிற பெண்கள் கூட்டமாக அந்த வழியாகத்தான் போவார்கள். தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு, சத்தமாகப் பேசிக்கொண்டு. அன்றைக்குப் பலகை முன்னால் சத்தம் நின்றுவிட்டது. உள்ளே இருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். படிக்கத் தெரிந்த ஒரு பெண் மெதுவாகப் படிக்கிறாள், மற்றவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்கிறார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்தார்கள். பால்காரர் வண்டியை நிறுத்தினார். யாரும் உள்ளே வரவில்லை. ஆனால் யாரும் சீக்கிரம் நகரவும் இல்லை.

சாயங்காலம் ஒவ்வொருவராக வந்தார்கள். நூலகத்துக்கு என்றுமே வராதவர்கள். குரலைத் தாழ்த்தி, 'அந்தக் கெணத்துப் புஸ்தகம் இருக்குதுங்களா?' என்று கேட்டார்கள். ஒரே பிரதிதான். கேட்டவர்கள் பெயரை முன்பதிவில் எழுதிக்கொண்டேன். என்ன சந்தோஷம் தெரியுமா அக்கா எனக்கு? கடைசியில் எழுதக் கற்றுக்கொண்டேன் என்று நினைத்தேன். மூன்று வரியில் ஒரு ஊரையே படிக்க வைத்துவிட்டேன் என்று அம்மாவுக்குப் போன்செய்து சொன்னேன்.

மறுநாள் மயிலாத்தா வந்தாள். மில்லில் நார் பிரிக்கிற பெண். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையெல்லாம் நார்த்தூள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்தாள்.

"கண்ணு, வெளிய என்னமோ எழுதியிருக்குதாமா. எனக்குப் படிக்கத் தெரியாது. டெய்லரக் கேட்டா 'ஒண்ணுமில்லக்கா, புக்கு வெளம்பரம்'ங்கறான். நீ படிச்சுக் காட்டு."

வெளியே போய்ப் படித்துக் காட்டினேன். மெதுவாகத்தான். எனக்குச் சத்தமாகப் படிக்க வராது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"ஆரு எழுதுனது?"

"நான்தாங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை முழுக்க நார் கீறின கோடு. விடவே இல்லை. "இத்தன வருசத்துல நீ ஒருத்திதான் கண்ணு கேட்டிருக்கற" என்றாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. என் எழுத்தை அப்படி யாரும் பாராட்டியதில்லை. "இன்னும் நன்றாக எழுதியிருக்கலாங்க" என்றேன். ஆமாம் அக்கா, அப்படித்தான் சொன்னேன். நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

அன்றைக்கே மில்காரர் வந்தார். ரங்கராசு என்று பெயர். ஊரில் மில்காரர் என்றால்தான் தெரியும். நூலகம் இருக்கிற கட்டடமே அவருடையது. அவருடைய அப்பா பெயரில் வாடகை வாங்காமல் விட்டிருக்கிறார், வாசலில் கல்லில் வெட்டியிருக்கும். எழுந்து நின்றேன். மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"உக்காருங்க அம்மிணி. நம்ம கட்டடத்துக்கு நானே வந்து ரொம்ப நாளாச்சு. என்னமோ கெணத்துப் புஸ்தகம்னு பேசிக்கறாங்களே?"

எடுத்துக் கொடுத்தேன். முன்பதிவு இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை நீங்களாத்தான் தேர்வு பண்ணுனீங்களா? இல்ல ஆராச்சும் எழுதச் சொன்னாங்களா?"

"நானாகத்தாங்க."

"நமக்கு எந்த ஊருங்க?"

"மாயவரம் பக்கங்க."

"அப்பா?"

"இல்லைங்க. அம்மா மட்டும்."

"அம்மா மட்டும்" என்று திருப்பிச் சொன்னார். பிறகு சிரித்தார். "டெய்லர் நாகமாணிக்கம் வீட்டு மாடியில தானுங்களே குடியிருக்கீங்க? கதவுத் தாப்பா ஆடுதுன்னு கேள்விப்பட்டேன். ஆளனுப்பி மாத்தித் தரச் சொல்றேன். பொம்பளப் புள்ள தனியா இருக்கற எடம்."

நன்றியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய மனிதர், நம் கதவைப் பற்றி யோசிக்கிறாரே என்று. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். கையெழுத்துப் போடவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மறுநாள் ஓர் ஆள் வந்தான். தாழ்ப்பாளைக் கழற்றினான். புதியது வாங்கிவருகிறேன் என்று பழையதையும் எடுத்துக்கொண்டு போனான். வரவே இல்லை. கதவில் நான்கு திருகாணி ஓட்டை மட்டும் இருந்தது. அந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கா எனக்குத் தோன்றியது: தாழ்ப்பாள் ஆடுகிறது என்று நான் யாரிடமும் சொன்னதே இல்லை. நாகமாணிக்கம் அண்ணனிடம்கூட. வீட்டுக்காரரிடம் குறை சொல்ல எனக்குக் கூச்சம்.

என் டிரங்குப் பெட்டியை இழுத்துக் கதவில் முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் கீழே தையல் கடைக்குப் போனேன். நாகமாணிக்கம் அண்ணன் நான் கேட்டதும் மெஷினை நிறுத்தினார். எழுந்து போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். பிறகுதான் பேசினார்.

"ஏனுங்க அம்மிணி, நெசமாலுமே உங்களுக்கு ஒண்ணுந் தெரியாதுங்களா?"

"எதுங்க?"

"அட கெரகமே! ஊரே உங்கள சிஐடின்னு பேசிக்கிட்டிருக்குது. மேலிடத்துல இருந்து வேவு பாக்க அனுப்புன ஆளுன்னு எம் பொண்டாட்டி சத்தியம் பண்றா. நேத்து உங்க ஜாக்கெட்டுக்கு ரெண்டு கொக்கி சேர்த்தி வெச்சுக் குடுத்தனே, எதுக்குன்னு நெனச்சீங்க? பயம்ங்க, பயம்!"

மயிலாத்தாவுக்கு ஒரு மகள் இருந்தாளாம். தமயந்தி. பத்தாவது படித்தவள், மில் ஆபீசில் வேலை. ஒருநாள் மில்லுக்குப் போனவள் திரும்பவில்லை. லாரி டிரைவரோடு ஓடிவிட்டாள் என்று மில்லிலிருந்து சொன்னார்கள். எந்த லாரி, எந்த டிரைவர் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மாதமே மில்லுக்குப் பின்னால் இருந்த கிணற்றை நார்த்தூளும் மண்ணும் கொட்டி மூடிவிட்டார்கள். தண்ணீர் உப்பாகிவிட்டது என்று காரணம்.

"உப்பாவா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூடுன அன்னைக்குக் காலையில அந்தத் தண்ணியிலதான் எங்கூட்டுல சோறாக்குனோம். இனிச்சுக் கெடந்துச்சு." பிறகு, "நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிப்போடாதீங்க அம்மிணி" என்றார். உங்களிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் அந்த ஊர் இல்லையே? நல்லவேளை.

கேட்டதும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? நூலகத்தைத் திறந்து டஸ்டரைத் தேடினேன். பலகையை அழித்துவிட வேண்டும், உடனே. சமையல் புத்தகம் ஒன்று இருந்தது, அதைப் பற்றி எழுதிவிடலாம் என்று வெளியே ஓடினேன்.

மயிலாத்தா பலகைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதுகைப் பலகையில் சாய்த்துக்கொண்டு.

"ஏன் இங்கே உட்கார்ந்து சாப்பிடுறீங்க?"

"நெழலா இருக்குது கண்ணு."

அந்தச் சுவரில் காலையில் நிழலே விழாது அக்கா. வெயில் அவள் நெற்றியில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. அழிக்க வேண்டுமானால் 'கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள்' என்று சொல்ல வேண்டும். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. உள்ளே போய் என் குடையை எடுத்துவந்து அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை. மாடியில் பெட்டிமேல் உட்கார்ந்தபடியே அந்த நாள் போயிற்று. சனிக்கிழமை போனால், வேறு இரண்டு பெண்களும் அவளோடு உட்கார்ந்திருந்தார்கள். விடுமுறையன்றும் அங்கேதான் இருந்தார்களாம். இதைத்தான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நான் தைரியமாகப் பலகையை விட்டுவைத்தேன் என்று ஊரில் பேச்சு. தள்ளிக்கொள்ளச் சொல்லக் கூச்சம், அதுதான் உண்மை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மில்காரர் திரும்ப வந்தார். கார் பலகைக்கு நேரே வந்து நின்றது. டிரைவர் ஒரு நாற்காலியை எடுத்து வாசலில் போட்டான், டீக்கடையில் பார்த்தீர்களே, அதே வெள்ளைச் சட்டை. மில்காரர் உட்கார்ந்தார். கையில் அந்தப் புத்தகம். ஏதோ ஒரு ரசீதை அடையாளத்துக்குச் செருகியிருந்தார். பாதிகூடத் தாண்டவில்லை. நான் முதலில் பார்த்தது அதைத்தான். யார் எந்தப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பது எனக்குப் பழக்கம். அந்த நாவலில் அந்த இடத்தில்தான் ஊர்க்காரர்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போவார்கள். அதற்குமேல் அவர் படிக்கவில்லை.

"முழுசாப் படிக்க நேரமில்லைங்க அம்மிணி" என்றார். "முடிவு என்னங்க?"

சொன்னேன். என் வழக்கத்தை மீறி முதன்முறையாக ஒரு வாசகருக்கு முடிவைச் சொன்னேன். வேறு என்ன செய்வேன்? அவர் கேட்கிறார், என் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உங்களுக்கும் சொல்கிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. அந்த நாவலில் கிணறு வெறும் கிணறுதான். தோண்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அந்தப் பெண் தானாகத்தான் போயிருப்பாள். வேறு ஊரில் நர்ஸாக இருப்பாள். கடைசி அத்தியாயத்தில் திரும்பி வருவாள்.

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் அக்கா. ஒரு வாரமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விடுகிற மாதிரி விட்டார். தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அப்பறமென்ன! அதையே எழுதிப்போடுங்க. பெருசா. கெணத்துல ஒண்ணுமில்ல, புள்ள தானாத்தான் போனா, உசுரோட இருக்கறா. புஸ்தகத்துல இருக்கறதத்தான எழுதப்போறீங்க? பொய்யா எழுதச் சொல்றேன்? இப்பவே எழுதுங்க. நான் இருந்து பாத்துட்டே போறேன்."

பொய் இல்லைதான். அதுதான் பயமாக இருந்தது. அவர் பொய் எழுதச் சொல்லியிருந்தால் முடியாது என்றாவது நினைத்திருப்பேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் புத்தகத்தில் இருக்கிறது. எழுதிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். ஊர் 'அட, கதைதானா' என்று கலைந்துவிடும். என் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்துவிடும்.

சுண்ணக்கட்டியையும் டஸ்டரையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பஸ் நிறுத்தம் முழுக்க ஆட்கள். மயிலாத்தா எழுந்து தானாகவே தள்ளி நின்றுகொண்டாள். இப்போது அழிக்க ஒரு தடையும் இல்லை. கையைத் தூக்கினேன்.

"என்ன கண்ணு எழுதப்போற?"

"முடிவுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவளுக்குக் கேட்டுவிட்டது. கிட்டே வந்தாள். நார்த்தூள் வாசனை வந்தது. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "முடிவு எனக்குத் தெரியுங் கண்ணு. பெத்தவளுக்குத் தெரியாதா? கேள்விய மட்டும் அழிச்சுப்போடாத."

அதன்பிறகு நான் என்ன நினைத்தேன் என்று கேட்காதீர்கள். ஒன்றும் நினைக்கவில்லை. எனக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. கை தானாகக் கேள்விகளுக்குக் கீழே இருந்த காலி இடத்துக்குப் போய் ஒரு வரி எழுதிவிட்டது. 'முடிவைப் பலகையில் எழுதும் வழக்கம் இந்த நூலகத்தில் இல்லை.' அதன் கீழே, 'நூலகர்.' அவ்வளவுதான். வழக்கத்தைத்தானே எழுதினேன்? அதில் என்ன வீரம் இருக்கிறது? வேறு ஒன்றும் எழுதத் தெரியவில்லை எனக்கு.

மில்காரர் அதைப் படித்தார். கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. எழுந்தார். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ரொம்ப அன்பாகக் கேட்டார்.

"தாப்பா மாட்டியாச்சுங்களா அம்மிணி?"

"இன்னும் இல்லைங்க."

"பாத்துக்கங்க."

அந்த ஒரு சொல் இப்போதும் காதில் இருக்கிறது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அதுதான் கேட்கிறது.

நேற்று பொழுது சாய்ந்ததும் மயிலாத்தா பாயைச் சுருட்டிக்கொண்டு என் மாடிக்கு வந்தாள். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. கதவை உள்பக்கமாகச் சாத்தி, அதற்குக் குறுக்கே பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். "தாப்பா எதுக்குக் கண்ணு, நானிருக்கறேன்" என்றாள். பிறகு சொன்னாள்: "நாளைக்குத் திங்கக்கெழம. கலெக்டர் ஆபீசுல மனு வாங்குவாங்க. நீ எங்கூட வா."

"நான் எழுதித் தருகிறேங்க" என்றேன். "விவரமாக எழுதித் தருகிறேன். நீங்கள் கொடுத்தால் போதும்."

"எழுதுனதக் குடுத்தா வாங்கி வெச்சுக்குவாங்க கண்ணு. மொதல்லயும் வாங்கித்தான் வெச்சாங்க. நானும் பேசிப் பாத்தேன், அழுகைதான் வருது, பேச்சு வரல. நீ வாயால கேளு. அந்தப் பலகையில கேட்டியே, அதே மாதிரி."

என்னிடம் போய்ச் சொல்கிறாள், வாயால் கேள் என்று. கடையில் சில்லறை பாக்கி இருந்தால் கேட்காமல் வந்துவிடுகிறவள் நான். விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். எதற்கு அதிகப் பயம் என்று எனக்கே தெரியவில்லை. மில்காரரை நினைத்தா, அத்தனை பேர் முன்னால் நின்று பேச வேண்டும் என்பதை நினைத்தா. சிரிக்காதீர்கள் அக்கா. இரண்டும் ஒரே அளவுதான் இருந்தது.

இன்றைக்குக் காலையில் நூலகத்துக்குப் போனால் என் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு. பெரிய பூட்டு. பலகை மட்டும் வெளியே சுவரில் இருக்கிறது, அதைப் பூட்ட முடியாது. யாராவது அழித்திருப்பார்கள் என்று நினைத்தேன். அழிக்கவில்லை. மில் பெண்கள் வரிசையாகக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். மில்லில் சங்கு ஊதியது. ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை. பாவம், நூலகம் திறக்கும் என்று காத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. முன்பதிவு செய்தவர்களாயிற்றே. 'புத்தகம் என்னிடம் இல்லைங்க, போய் வேலையைப் பாருங்கள்' என்று சொல்லத்தான் போனேன். அதற்குள் ஒருத்தி, "நீங்க போய்ட்டு வாங்க புள்ள, இத நாங்க பாத்துக்கறோம்" என்றாள். எதைப் பார்த்துக்கொள்வார்கள்? என்னால் அத்தனை பேருக்கும் இன்றைக்கு வேலை கெட்டுப்போயிற்று.

மயிலாத்தாவா? அதோ அக்கா, பஸ் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கை, கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு. பக்கத்தில் குடை இருக்கிறதே, அது என்னுடையது. இரண்டு பேரும் சேர்ந்து ஏறினால் தெரிந்துவிடும் என்று வாய்க்கால் மேடுவரை நடந்துபோய் ஏறினாள். இறங்கும்வரை என்னைத் தெரியாத மாதிரி இருக்கப் போகிறாளாம். பாருங்கள், தூங்கிவிட்டாள். இத்தனை வருடத்தில் இப்போதுதான் தூங்குகிற மாதிரி இருக்கிறது.

இப்போது புரிகிறதா உங்களிடம் ஏன் இவ்வளவு பேசினேன் என்று? ஒத்திகைதான். முன்பின் தெரியாத ஒருவரிடம் முதலிலிருந்து கடைசிவரை சொல்ல முடிகிறதா என்று பார்த்தேன். நடுவில் அழவில்லை அல்லவா? கட்டுரை மாதிரி இருந்ததா? இருந்தால் பரவாயில்லையா? கலெக்டர் ஆபீசில் கட்டுரை மாதிரி இருந்தால்தான் நல்லது என்கிறீர்களா? அப்படியும் இருக்கலாம்.

பாலம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தான். பின்னால் ஒரு வெள்ளைக் கார் ரொம்ப நேரமாக வருகிறதே, அது மில்காரர் கார்தானா? திரும்பிப் பார்க்காதீர்கள். வேண்டாம், பாருங்கள். வேறு காரா? நல்ல வேளை. இல்லை, நிஜமாகத்தானே சொல்கிறீர்கள்?

கடைசியில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை மட்டும் இன்னும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை. பலகையைப் படித்துக் காட்டியபோதுகூட முணுமுணுத்தேன். அதிகாரி முன்னால் முணுமுணுத்தால் 'என்ன?' என்பார், நான் 'ஒன்றுமில்லைங்க' என்று சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டுமா அக்கா? நீங்கள் அதிகாரி மாதிரிக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். என் முகத்தைப் பார்க்காதீர்கள்.

"கிணற்றை ஏன் மூடினார்கள்? தமயந்தி எங்கே? ஒருவர்கூட ஏன் கேட்கவில்லை?"

ஏன் அக்கா பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்? மயிலாத்தாகூட எழுந்துவிட்டாளே. நான் அவ்வளவு சத்தமாகவா கேட்டேன்?